மாதாவின் அடுப்படி

– அவ முகத்தைச் சுரண்டிட்டு பார்பெல் முகத்தை வைன்னா வைக்கணும், லீவன். படம் வரையச் சொன்னது நான். புரியுதா?

– முடியாது, யோரிஸ் ஐயா. உங்க சம்சாரம் மெக்தெல்ட் அம்மா அந்தக் குளிர்ல இங்க வந்து படத்துக்காக முட்டி போட்டிருந்தாங்க. என் தூரிகைக்கு அந்த முகந்தான் தெரியும்.

– சம்சாரம்னு சொல்லாதே! பிஷப் தீர்ப்புச் சொல்லியாச்சு. நானும் அவளும் தூரத்துச் சொந்தமாம். கல்யாணமே செல்லாது.

– ஓஹோ! பிள்ளை பிறக்கலைன்னதும் சொந்தம் பிறந்துடுச்சாக்கும்.

– வாயை அடக்கு. ஈஸ்டருக்கு இது கோயில்ல இருக்கணும். பார்பெலைக் கட்டிக்கிட்டு, அவ கையைப் பிடிச்சிட்டு நான் இது முன்னாடி நிக்கணும், கென்ட் ஊரே பார்க்கணும். புரியுதா? உன்னை விட்டா வேற ஓவியன் இல்லையா?

– இருக்கான், தூக்கிட்டுப் போங்க. ஆனா இதுல இன்னொருத்தன் கை வெச்சான்னா, யாரை அழிச்சீங்கன்னு சந்தையில நின்னு கத்துவேன்.

– இப்பவே சந்தை வரைக்கும் கேக்குது, லீவன் அண்ணே.

– மெக்தெல்ட்! உன்னை யார் இங்க வரச் சொன்னா?

– யாரும் சொல்லலை, யோரிஸ். படம் பார்க்க வந்தேன்.

– யோரிஸா? என்னைப் பேர் சொல்றியா?

– புருஷனா இருந்தவரைக்கும் எஜமான்னேன். இப்போ நீங்க தெருவுல போற ஆளு.

– கிட்ட வந்து பாருங்கம்மா.

– அட, என் அடுப்படி! நீங்க எட்டி உதைச்சு நசுங்கின செம்புப் பானை கூட அப்படியே இருக்கே, யோரிஸ். மாதா தரையில உக்காந்திருக்கா, நான் பட்டாணி உரிக்கிற இடத்துல. தேவதூதன் வந்து நிக்கிறது கூடத் தெரியாம படிச்சிட்டிருக்கா.

– மாதாவைச் சிங்காசனத்துல உக்கார வைன்னார் பாதிரியார். ஆள் புழங்குற வீட்டுக்குத்தான் தேவதூதன் வருவான், மாத்த மாட்டேன்னுட்டேன்.

– வம்பளந்தது போதும். படத்து ஓரத்துல, திறந்த கதவுக்கு வெளிய முற்றத்துல என் பக்கத்துல முட்டி போட்டிருக்கா பாரு, அவளைச் சுரண்டு.

– சுரண்டிடுங்க, அண்ணே.

– அம்மா! உங்களுக்காகத்தானே நான் இவ்வளவு நேரம்...

– தெரியும். ஆனா இவர் பக்கத்துல முட்டி போட எனக்கு இனிமே இஷ்டமில்லை.

– பார்த்தியா லீவன்? அவளுக்கே புத்தி வந்துடுச்சு.

– வந்துடுச்சு. நேத்து நேராப் போய் பிஷப்கிட்டயே கேட்டேன். கல்யாணம் செல்லாதுன்னா எங்கப்பா கொடுத்த சீதனம் என்ன ஆகும்னு. அதுவும் செல்லாது, உன்கிட்டயே திரும்பி வரும்னார்.

– எந்தச் சீதனம்?

– வீடு. படத்துல நீங்க முற்றத்துல இருந்து கதவு வழியா மாதாவை எட்டிப் பார்க்கிறீங்களே, இந்த வீடு.

– மெக்தெல்ட், இரு... பார்பெல் அங்கதான் குடி வரப்போறா. அவங்க அப்பாகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்.

– லீவன் அண்ணே, இவரை அழிக்காதீங்க. முற்றத்துலயே முட்டி போட்டிருக்கட்டும். கதவை மட்டும் சாத்தி வரைஞ்சிடுங்க.