விட்டுப்போன பத்தொன்பது வரி

டீ ஆறிட்டாலும் பரவாயில்ல சார். ஏசி ரூம்லயே ஒம்பது வருஷம் உக்காந்தவன், ஆறின டீதான் எனக்குப் பழக்கம்.

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரெல்லாம் என் பொறுப்பு. கீழ்த்தளத்துல, சர்வர் ரூம்ல நான் ஒருத்தன்தான். எல்லாம் ஒழுங்கா ஓடினா என்னை யாரும் தேட மாட்டாங்க. அதுதான் இந்த வேலையோட லட்சணம். கேன்டீன்ல என் எதிர் நாற்காலியை "காலியா இருக்கா?"ன்னு கேட்டு எடுத்துட்டுப் போவாங்க. காலிதான், எடுத்துக்கோங்கம்பேன்.

போன வருஷம் ஒரு நாள் மருந்து டேட்டாபேஸ் நிஜமாவே கெட்டுப்போச்சு. எந்த நோயாளிக்கு எந்த மருந்து, யாருக்கு எது ஒத்துக்காது, எல்லாம் அதுலதான் இருக்கு. ஃபைல் இருந்துச்சு, ஆனா அட்டாச் ஆக மாட்டேன்னுச்சு. சர்வர் அதைத் தன்னோடதா ஏத்துக்கவே இல்ல. மருந்தகத்து அக்கா இறங்கி வந்து, நாள் முழுக்க என் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. "சாப்டியா தம்பி?"ன்னு கேட்டாங்க. தன் டப்பாவுல பாதியை எனக்கு வெச்சாங்க. சாயங்காலம் அது அட்டாச் ஆனதும், "நீ மட்டும் இல்லன்னா எங்க கதி அதோகதிதான்"னாங்க. என்கிட்ட அப்படி யாரும் சொன்னதில்ல சார். ஒரு வாரம் சந்தோஷமா இருந்தேன்.

அதுக்கப்புறம் ரெண்டு தடவை நான்தான் கெடுத்தேன். பெரிய வித்தையெல்லாம் இல்ல. சர்வர் எழுதிட்டிருக்கும்போதே ஒயரைப் பிடுங்கி, மாத்தமெல்லாம் பதிவாகிற லாக் ஃபைலை அழிச்சுட்டா போதும்.

கெடுக்குறதுக்கு முன்னாடி எடுத்த நல்ல பேக்கப், பென் டிரைவ்ல, என் சட்டைப்பையிலயே இருந்துச்சு. அதைப் போட்டா இருபது நிமிஷத்துல முடிஞ்சுடும், அக்கா எழுந்து போயிடுவாங்க. அதனால கெட்ட ஃபைலையே ரிப்பேர் பண்ணேன். அது மணிக்கணக்குல ஓடும். ஆனா சரிப்படாத வரியை வெட்டி எறிஞ்சுடும்; ஒரு வரின்னா ஒரு நோயாளியோட குறிப்பு. முதல் தடவை ஒண்ணும் போகல. ரெண்டாவது தடவை பத்தொன்பது வரி போச்சு. அக்கா கை கழுவப் போன நேரத்துல பேக்கப்போட ஒத்துப் பார்த்தேன். போனதுல எட்டாவது வரி, நாலாம் வார்டுல படுத்திருந்த ஒரு கணக்கு டீச்சரோடது. பென்சிலின் ஒத்துக்காது.

"எல்லாம் வந்துடுச்சா தம்பி?"ன்னு அக்கா கேட்டாங்க. முகத்துல அவ்வளவு நிம்மதி. "வந்துடுச்சுக்கா"ன்னேன்.

மறுநாள் எட்டு மணிக்கே வேலைக்கு வந்துட்டேன். பேக்கப் போட நேரம் இருந்துச்சு. போட்டா, முந்தின நாள் நான் சரி பண்ணினது பொய்னு ஆகிடும். போடல.

பத்து மணிக்கு டீச்சருக்குப் பென்சிலின் ஊசி. திரையில எந்த எச்சரிக்கையும் வரல, அக்கா மருந்தை எடுத்துக் குடுத்துட்டாங்க. பதினொரு மணிக்குள்ள டீச்சர் போயிட்டாங்க. "அம்மாவுக்கு அது ஆகாதுன்னு சேர்க்கும்போதே சொன்னேனே"ன்னு அவங்க மகன் பாக்குறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருந்தார். கேட்கவே கஷ்டமா இருந்துச்சு. நான் லிஃப்டுல கீழ போயிட்டேன்.

மூணு நாளா அக்காவை உள்ள வெச்சிருக்கீங்க, கவனக்குறைவுன்னு. அது அநியாயம் சார். கெடுத்தது நான். தெரிஞ்சே மறைச்சது நான். டீச்சரைக் கொன்னது நான். அப்படியே எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறேன்.

அக்காவை வீட்டுக்கு அனுப்பிடுங்க. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க. மனசு ஒடைஞ்சு போயிருப்பாங்க. இந்த நேரத்துல அவங்களுக்கு என்னை விட்டா யார் இருக்கா?