திரும்பாம நட

இருட்டுற நேரம். வாய்க்காலை ஒட்டின ரோடு... ஆள் நடமாட்டமே இல்ல. முன்னாடி ஒருத்தி நடந்து போறா. பின்னாடி, ஸ்டாண்டு மேல பெரிய கேமராவை வெச்சுக்கிட்டு அவ புருஷன். "திரும்பாம நட"ன்னு சொல்றாரு.

ஏய், அந்த ஜன்னலைச் சாத்து. எல்லாரும் இப்படிக் கிட்ட வாங்க.

இது ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரியோட அக்காவுக்கு நடந்தது. அக்கா அவருக்கு ரெண்டாம் தாரம். மூத்தவ காய்ச்சல்ல போயிட்டா. அவரு போட்டோக்காரர்... ஆனா யார் முகத்தையும் எடுக்க மாட்டாரு. முதுகு மட்டும்தான். பிரிண்டும் கடையில போடுறதில்ல. அந்தக் காலத்து முறை. காகிதத்துல மருந்தைத் தடவி, இருட்டுல காயவெச்சு, கண்ணாடி நெகட்டிவை மேல வெச்சு வெயில்ல காட்டுவாரு. தண்ணியில அலசினா நீலமா உருவம் எழும்பும். வீடு பூரா துருப்பிடிச்ச இரும்பு வாசனை.

சுவர் பூரா மூத்தவ முதுகு. ஜன்னல்கிட்ட, அடுப்புகிட்ட, கட்டில் ஓரத்துல... நீளப் பின்னல். அக்காவுக்கு வயிறு பத்தி எரியும். "உசுரோட இருந்தா குடுமியைப் பிடிக்கலாம்டி. செத்தவகூட என்னன்னு மல்லுக்கட்டுறது?"ன்னு தங்கச்சிகிட்ட அழுவா.

கடைசியில அவளே வாய்விட்டுக் கேட்டா, "என்னையும் ஒண்ணு எடுங்களேன்." அப்படித்தான் அந்த ரோட்டுக்குப் போனது.

நடக்குறா. பின்னாடி... சரக்... சரக்... செருப்பு உரசுற சத்தம். அவருதான் கூட வர்றாருன்னு நினைச்சா. "இன்னும் கொஞ்சம் போ"ன்னு அவர் குரல் எங்கேயோ தூரத்துலேருந்து வருது. சத்தம் மட்டும் கிட்ட... பிடரியில ஈரமா ஒரு மூச்சு. கழுத்து தன்னால திரும்பப் பாக்குது. ஆனா மூத்தவ ஒரு படத்துலயும் திரும்பலையே, நான் மட்டும் திரும்புறதா? வீம்பு! பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்தா.

மறுநாள் வெயில்ல காட்டி, தட்டுல தண்ணி ஊத்தி அலசினாரு. நீலம் தெளியுது. ரோடு... வாய்க்கால்... அக்கா போட்டிருந்த அதே உடுப்பு. முதுகுல... நீளப் பின்னல்.

அக்காவுக்குத் தோள் வரைக்கும்தான் முடி.

அவரு பயப்படவே இல்ல. கண்கலங்கிச் சிரிக்கிறாரு. "வந்துட்டியா?"ன்னு காகிதத்தைக் கேக்குறாரு. 'என்னைப் பாத்து ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருப்பாரா'ன்னு இருந்துச்சு அக்காவுக்கு... பேயைக் கூடப் பொறுத்துக்கிட்டிருப்பா, அந்தச் சிரிப்பைத்தான் அவளால பொறுக்க முடியல.

அவரு வெளியே கிளம்பினதும் படங்களையெல்லாம் கிழிச்சா. கண்ணாடி நெகட்டிவை ஒண்ணுவிடாம கொதிக்கிற தண்ணியில போட்டுத் தேய்ச்சா. முதுகெல்லாம் வழவழன்னு கரைஞ்சு சாக்கடையில ஓடுச்சு. விட்டது சனியன்னு கையைக் கழுவிக்கிட்டா.

வந்தவர் வெறும் சுவரைப் பாத்தாரு. சாப்பிட்டாரு. படுத்தாரு. அக்கா அவர் பக்கமாத் திரும்பி, முகத்துக்கு நேரா முகம் வெச்சு, "கோவமா?"ன்னா.

அவரு அவளையே பாத்தாரு. ஆசையா, "ஏம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் படுத்திருக்கே?"ன்னாரு.

கையை நீட்டினாரு. அக்காவோட நெத்தியில ஆரம்பிச்சு... கண்ணு, மூக்கு, வாய் மேல... தாடை வரைக்கும்... முடியைக் கோதுற மாதிரி... மெதுவா... கோதிக்கிட்டே இருந்தாரு.