வலப்பக்கத்து இடக்கைக்காரி

பாரிஸில், ரூ பெர்தொனே தெருவிலுள்ள தமிழ்க் கடையில் ரோல்ஸ் வாங்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இருவர். மூத்தவர் கைபேசியில் பெண்கள் ஹாண்ட்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீசன் துடங்கினதிலையிருந்து சொல்லுறன். வலப்பக்கத்திலையிருந்து பந்தெறிய ஒரு இடக்கைக்காரி இல்லாமல் ஐரோப்பியக் கப்பைக் கனவிலையும் காணேலாது.”

“உங்கடை மகளும் விளையாடுறா எல்லோ, அண்ணை?”

“ஓம், பொபினி கிளப்பிலை. ஆனால் விளையாட இறக்காமல் வெளி வாங்கிலைதான் இருத்தி வைச்சிருக்கினம். அங்கையும் கோச் இடக்கைக்காரிதான் தேடுறாராம்.”

“அவ சின்னனிலை இடக்கையாலை தானே எழுதினவ?”

“ஓம். நான்தான் அதட்டி அதட்டி மாத்தினனான்.”

இளையவர் கைபேசித் திரையைப் பார்த்தார்.

“இப்ப எழுத்து நல்ல வடிவு,” என்றார் மூத்தவர்.

கடைக்காரி பொதியை நீட்டினாள். வலக்கையில் கைபேசி இருந்ததால் இடக்கையை நீட்டியவர், சட்டென்று இழுத்துக்கொண்டு, ஆட்டத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வலக்கையால் வாங்கினார்.