ஆளும் மரமும்

— நிறுத்து பீலியன். கடுதாசியைப் படிக்கிறப்ப அந்த இடத்துல மறுபடியும் எதையோ முழுங்கிட்டே.

— நான் எதை அண்ணி முழுங்கினேன்? 'அம்மா காரியத்தை நல்லபடியா முடிச்சே'ன்னு அண்ணன் எழுதியிருக்காரு. அப்புறம் 'இனி ஓய்வு எடு'ங்கறாரு. அவ்வளவுதான்.

— உங்கண்ணன் மணிலாவுக்குக் கப்பலேறிப் பதினோரு வருஷம். இங்க சீனாவுல இருந்தப்பவே ஒரு நாளாவது என்னை உட்காருன்னு சொன்ன மனுஷனா அவரு? எந்த எழுத்து, காட்டு.

— கடைசியில தனியா நிக்குதே, இது.

— சிப்பித் தண்ணியைத் தொட்டு இந்தக் கல்லுல பெருசா எழுது. சிப்பி உடைக்கிற கத்தியைக் கீழ வச்சுட்டு எழுதுடி.

— இடது பக்கம் ரெண்டு கோடு, அது ஆள். வலது பக்கம் நாலு கோடு, மரம். ஆள் மரத்துல சாஞ்சு நிக்கிறான். அதான் ஓய்வு.

— பார்க்க அழகாத்தான் இருக்கு. வேற எங்கெல்லாம் வரும் இது?

— முன்னால 'இல்லாத'ங்கிற எழுத்தைப் போட்டா ஓயாமங்கிற அர்த்தம். வாய் ஓயாமப் பேசறவங்களைப் பத்தி எழுத அது வேணும். உங்க நாத்தனார் என்னைப் பத்தி எழுதறதுன்னா கண்டிப்பா வேணும்.

— சிரிக்க வைக்காதே. கிணத்தடி வீட்டு கிம்லானுக்கு அவ புருஷன் அனுப்பின தாள்லயும் இந்த ஆளும் மரமும் இருந்துச்சு. நான் பார்த்தேன். மறுநாளே மூட்டையைக் கட்டிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போனா.

— அண்ணி...

— சொல்லு.

— பொண்டாட்டியைத் தள்ளி வைக்கிறதுக்கும் இதே எழுத்துதான்.

— மிச்சத்தையும் படி.

— அங்க ஒருத்தி இருக்காளாம். புது வருஷத்துக்குக் கூட்டிட்டு வர்றாராம். அதுக்குள்ள நீங்க வீட்டை விட்டுப் போயிடணுமாம். மூணு நாளா இதை மடியிலயே வச்சுக்கிட்டுச் சுத்தினேன் அண்ணி, வாய் வரல.

— அத்தையை ஆறு வருஷம் படுக்கையில வச்சுப் பார்த்தது நான். பிள்ளை வராம, சவப்பெட்டிக்கு முன்னால முழங்கால் தேய நடந்தது நான். ஓய்வா எனக்கு!

— அழுதுடுங்க அண்ணி.

— சிப்பி காயுது, உடை. முன்னால ஒரு எழுத்தைச் சேர்த்தா அர்த்தம் மாறுதுன்னியே. பின்னால சேர்த்தா?

— பின்னால, அதாவது கீழேயா? 'நினைப்பு'ங்கிற எழுத்தைப் போட்டா, 'அந்த நினைப்பையே விட்டுடு, நடக்காது'ன்னு ஆகும். சந்தைச் சண்டையில கத்துவாங்களே, அது.

— அந்த 'நினைப்பு' எழுதக் கஷ்டமா?

— பதிமூணு கோடு. எதுக்குக் கேக்கறீங்க?

— மையைக் கரைச்சு எடுத்துட்டு வா. இதே தாள் திரும்பக் கப்பலேறட்டும். உங்கண்ணன் எழுதின ஆளும் மரத்துக்கும் கீழே அந்த ஒரு எழுத்துக்கு இடம் இருக்கு.