சனி கிரகத்தில் விழுந்த வாய்க்கரிசி

ஹலோ... ஹலோ, யாரு, சாமிக்கண்ணா?... நான்தான்யா, ஜானகிராமன்... முதலியார்பேட்டை ஜானகிராமன், வேற எத்தினி ஜானகிராமன் இருக்கான் உனக்கு?... ஆமா, ஆமா, நல்லாத்தான் இருக்கேன். நீ மொதல்ல உக்காரு... உக்காந்துட்டியா?... நேத்து சாயந்தரம் சனி கிரகத்துல என் பொண்டாட்டிக்கு வாய்க்கரிசி போட்டாங்கய்யா! நாப்பது நாட்டு ஜனம் பாத்து அழுதுச்சி. ஜப்பான்காரன் மட்டும் ரெண்டு தடவ அழுதான்.

...இல்ல, குடிக்கல... காலங்காத்தால எவன்யா குடிப்பான், அதுவும் நம்ம ஊர்ல?... சரி, குடிப்பான். நான் குடிக்கல.

...சுலோசனாவுக்குத்தான்யா. எனக்கு வேற எவ இருக்கா?... அவ போயி அஞ்சு வருஷம் ஆவுதுன்னு எனக்கே பாடம் நடத்தறியா? கேளு. 'நெடுவான்' பாத்தியா நேத்து?... சனிக்கெழம ஏழு மணிக்குப் போடறானே, அந்த சீரியல். பூமிய விட்டுப் போன ஜனம் சனி கிரகத்து நெலாவுல கண்ணாடிக் கொட்டாய் போட்டு குடியிருக்குதே... ஆங், அதேதான்... பாக்கறது இல்லியா? உன் தம்பி மவன் செம்மல் கத எழுதற சீரியல், கடைசில அவன் பேரு ஓடுது, நீ பாக்கறது இல்ல. சரி, நம்பறேன். நான் எல்லாத்தையும் நம்பறவன். நீதான் எதையும் நம்பாதவன்.

நான் ஒரு வாரம் விட்டதில்ல தெரியுமா? பல்லு புடுங்கன அன்னிக்கி வாய் நெறைய பஞ்ச வெச்சிக்கிட்டு பாத்தேன். புயலடிச்சி முதலியார்பேட்டையே இருட்டா கெடந்துச்சே, அன்னிக்கி என் வீட்டு டிவி மட்டும் தானா ஓடுச்சி... ஓடுச்சிய்யா! கரண்ட்டுக்கே கத புடிச்சிப் போச்சி.

...ஆமா, ஆமா, நான் புளுகன்தான். இப்ப கதைக்கு வரேன்.

கேப்டன் அமுதவல்லின்னு ஒருத்தி. அந்த நெலாவுல அவதான் எல்லாம். நேத்து பூமில அவ அம்மா செத்துடறா. அப்பங்காரன் ஒத்தையா நிக்கறான், கடலோரமா ஏதோ ஒரு ஊரு. பொண்ணு அங்கேர்ந்து கெளம்புனாலும் வந்து சேர ஏழு வருஷம் ஆவும். பொணம் தாங்குமா? அதனால வாசல் சொவத்துல ஒரு கண்ணாடி, அதுல அவ மொகம். அவ கேக்கறா, இவன் பதில் சொல்றான், இவன் கேக்கறான், அவ அழுவறா. எனக்கு வந்துச்சி பாரு கோவம்! சனிலேர்ந்து வெளிச்சம் வரதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்யா. மூணாவது வாரம் இவனுங்களே சொன்னானுங்க. 'அம்மா'ன்னு அவ கூப்ட்டா, பொணத்த எடுத்து, குளிச்சி, சாப்ட்டு முடிச்சப்பறம்தான் இவன் காதுல விழணும்... செம்மல்கிட்ட சொல்லு, மொதல்ல கணக்குப் படின்னு.

இன்னொண்ணு. அந்த நெலாவுல நெல்லு வெளையுதாம். நம்ம பாகூர்லயே தண்ணி இல்லாம கருவுது, அங்க வெளையுதாம்!... சிரிக்கிறியா? சிரி, சிரி. இனிமேதான் கதயே.

அந்த அரிசிய அவ ஒரு கை அள்ளறா. அப்பன் பூமில பொணத்துக்குப் பக்கத்துல நிக்கறான். 'போடும்மா, உங்க அம்மாவுக்கு'ங்கறான். அவ அங்க படுக்க வெச்ச கண்ணாடிமேல போடறா. போட்டதும் இந்தப் பக்கம் பொண்ணு மொகம் மறஞ்சி போவுது. வெள்ளையா, அரிசி அரிசியா, அவ்ளோதான் தெரியுது. உள்ளார அழுவற சத்தம் மட்டும் கேக்குது.



...ஆமா. எங்கியோ கேட்ட மாதிரிதான் இருக்கும். நான் டீக்கடைல சொன்னது அது. சுலோசனா போனப்ப ஊரடங்கு, ப்ளேன் இல்ல, எங்க பொண்ணு செல்வி பாரீசுல மாட்டிக்கிச்சி. செல்போன மேசைல படுக்க வெச்சி, அது மேல அரிசியப் போட்டா. இந்தப் பக்கம் அவளுக்காக நான் போட்டேன், சுலோசனா வாய்ல. செல்வி வீட்ல பச்சரிசி கெடையாது, பாசுமதிதான் இருந்துச்சி. பாசுமதில வாய்க்கரிசி வாங்கனவ உலகத்துலயே என் பொண்டாட்டி ஒருத்திதான்... ஆமா, அதையும் சொன்னேன். நீ என்னா சொன்ன, ஞாபகம் இருக்கா? நாலு பேரு முன்னாடி தொடயத் தட்டிச் சிரிச்ச. 'போன்ல வாய்க்கரிசியா? ஜானகிராமன் புளுகுலயே பெரிய புளுகு இதான்டா'ன்ன. அன்னிலேர்ந்து நான் கடைக்குள்ள நொழஞ்சாலே 'வாங்க வாய்க்கரிசி'ங்கறானுங்க. மொய் வெக்கற எடத்துல கூட அந்தப் பேரச் சொல்லித்தான் சிரிக்கறானுங்க.

...வெளையாட்டுக்குத்தான். ஆமா, ஆமா. வெளையாட்டுக்குத்தான்.

...இரு, இரு, குக்கர் கத்துது. வெச்சிடாத. வெச்சின்னா ஆட்டோ புடிச்சி லாஸ்பேட்டைக்கே வந்து உன் புள்ள, மருமவ எதுக்க பேசுவேன்...

...ஹலோ... இருக்கியா?... இருக்க. நல்லது.

...ஆமாய்யா, டீக்கடைல ஊரே கேட்டுச்சி, எவன் வேணா செம்மல் காதுல போட்டிருக்கலாம். நானும் மொதல்ல அப்பிடித்தான் நெனச்சேன். சந்தோஷமாக் கூட இருந்துச்சி. நாம சொன்னத டிவில போட்டுட்டான், நாளைக்கி கடைல காலரத் தூக்கிக்கிட்டு உக்காரலாம்னு காபி கூட போட்டேன். அப்பறம்தான் அந்தக் கெழவன் அதப் பண்ணான்.

அந்த அப்பங்காரன்யா. கண்ணாடி வெள்ளையாப் போச்சா, மொகம் தெரியலியா... தோள்ல கெடந்த துண்ட எடுத்து இவன் பக்கத்துக் கண்ணாடியத் தொடைக்கிறான். அரிசி விழுந்தது அங்க, சனில. இவன் இங்க தொடைக்கிறான். திரும்பத் திரும்பத் தொடைக்கிறான். தொடச்சா பொண்ணு மொகம் வந்துரும்னு.

...

சிரிக்கலியா? டீக்கடையா இருந்தா சிரிப்பியே.

நான் தொடச்சேன் சாமிக்கண்ணு. அன்னிக்கி அந்த முட்டாத்தனத்த நான் பண்ணேன். பாரீசுல விழுந்த அரிசிய முதலியார்பேட்டைல நின்னுக்கிட்டு என் போன்ல தொடச்சேன். அத நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. டீக்கடைல சொல்லல, மச்சான் நாராயணசாமிகிட்ட சொல்லல, செல்விகிட்ட சொல்லல. ஒண்ண ஒம்பதாச் சொல்றவன் நான். அத மட்டும் முழுங்கிட்டேன், வெக்கமா இருந்துச்சி.

...செல்வி எப்பிடிப் பாத்திருப்பா? அவ போன்தான் அரிசிக்கு அடில கெடக்குதே... நாராயணசாமி? அவன் தெருமொனைல நின்னு ஆம்புலன்ஸ்காரன கெஞ்சிக்கிட்டிருந்தான். மாரடைப்புன்னு டாக்டரு சொல்லியும், கொரோனான்னு எவனோ கெளப்பி விட்டுட்டான், உள்ள வரமாட்டேன்னுட்டான் ஆம்புலன்ஸ்காரன். தெருவுல ஒரு கதவு தொறக்கல. சாவு வீட்டுக்கு மோளம் இல்ல, அழ ஆளு இல்ல. வாசல்ல பெஞ்சி, பெஞ்சில அவ, பக்கத்துல நான். எண்ணிக்கோ, அவ்ளோதான் ஆளு.

...தற்செயலா? செம்மல் தானா யோசிச்சானா? இருக்கும், இருக்கும், அவனுக்குத்தான் கணக்கே வராது, இது மட்டும் வந்துச்சி... சரி, அதையும் நம்பறேன். ஆனா அந்தக் காட்சிய எங்கேர்ந்து படம் புடிச்சிருக்கான் தெரியுமா? கெழவனுக்கு எதுக்கேர்ந்து இல்ல. பக்கத்துலேர்ந்து இல்ல. மேலேர்ந்து. எதுத்த வீட்டு மாடிலேர்ந்து, ஜன்னல் கம்பி ரெண்டு குறுக்கால நிக்க, கீழ சின்னதா கெழவன் தொடச்சிக்கிட்டிருக்கான். நான் மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டேன், மங்கலா தெரியுதோன்னு. சுலோசனா இருந்தா முந்தானைய நீட்டுவா, தொடச்சிக்க. இப்ப சட்டைல தொடச்சித் தொடச்சி ஒரே கீறலு... போட்டுக்கிட்டு பின்னால ஓட்டி மறுபடி பாத்தேன். கம்பிதான். ஜன்னல் கம்பிதான்.

அன்னிக்கி என் வீட்டுக்கு எதுத்த மாடி யாருது?

...ஆமா, உன்னுது.

...தெரியும். நீ அப்ப ஊர்ல இல்ல. தங்கச்சி வீட்டுக்கு பாகூர் போன, போலீஸ்காரன் பஸ்ஸ நிறுத்திட்டான், ரெண்டு மாசம் மாட்டிக்கிட்ட. அஞ்சு வருஷமா அதத்தானே சொல்ற. நான் என்னிக்காவது குறுக்க கேள்வி கேட்டனா? வீட்ட காலி பண்ணிட்டு லாஸ்பேட்டை போனியே, அப்ப கூட கேக்கல, ஏன்யா இவ்ளோ அவசரம்னு.

...கத்தாத. நான் கத்தலியே. கத்தாத.

...செம்மல் தலமேல சத்தியம் பண்ணாத, புள்ளகுட்டிக்காரன் அவன்.

இப்ப எதுக்கா? சொல்றேன். செல்வியும் அங்க பாக்குதுய்யா, நெடுவான். நேத்து ராத்திரி போன் பண்ணிச்சி. 'அப்பா, நீ போன தொடச்சியா?'ங்குது. நான் ஒண்ணும் பேசல. 'மாடில யாருப்பா நின்னது?'ங்குது. நான் ஒண்ணும் பேசல. நான் ஒண்ணும் பேசாம இருந்து நீ பாத்திருக்கியா? அதுவே பயந்து போச்சி. இன்னிக்கி சாயந்தரம் மறுபடி கூப்புடறேன்னு வெச்சிருக்கு.

அதுகிட்ட நான் என்னா சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா? 'தெருவே திரண்டு வந்துச்சிம்மா, போலீசு தடுத்தும் நிக்கல, மோளம் காந்தி செல வரைக்கும் கேட்டுச்சி, பூ கொட்டுனதுல ரோடே தெரியல'ன்னேன். அது போன்ல அம்மா மொகம் மட்டும்தானே பாத்துச்சி, சுத்தி என்னா இருந்துச்சின்னு அதுக்குத் தெரியாது. என் வாழ்நாள்ல நான் விட்ட புளுகுலயே பெருசு அதான்யா. அத யாரும் புளுகுன்னு சொல்லல. அப்பறம் இன்னொண்ணும் சொன்னேன். 'மொதத் தோளு சாமிக்கண்ணு மாமா குடுத்தாரு'ன்னேன்.

...ஆமா. உன் பேரத்தான் சொன்னேன். தோளு குடுத்தது நானும் நாராயணசாமியும், கெஞ்சனதுல கடைசில எறங்கி வந்த அந்த ஆம்புலன்ஸ்காரனும். ஒரு மொன ஆளில்லாம சாஞ்சிக்கிட்டே போச்சி.

நீ என்னா நெனச்ச? பாரீசுலேர்ந்து வருஷா வருஷம் உனக்கு சென்ட் பாட்டில் வருதே, எதுக்குன்னு? பொட்டி பிரிக்கும்போதெல்லாம் 'இது சாமிக்கண்ணு மாமாவுக்கு'ன்னு தனியா எடுத்து வெக்குதே அந்தப் பொண்ணு. நீயும் வாங்கி அக்குள்ல அடிச்சிக்கிட்டு டீக்கடைக்கு வர. எதுக்குக் குடுக்குதுன்னு ஒரு நாளாவது கேட்டியா? கேக்க மாட்ட. கேட்டா நான் சொல்லிடுவேன்னு.

...

...இல்ல. உன்ன மன்னிப்பு கேக்க வெக்க நான் போன் பண்ணல. பயந்திருப்ப, சரி. எல்லாரும்தான் பயந்தான். வீட்ல சக்கர நோயாளி, சரி. நான் உன் எடத்துல இருந்தா வந்திருப்பனான்னு எனக்கே தெரியாது. கதவத் தொறக்காதது கூட எனக்கு ஆறிப்போச்சிய்யா. ஜன்னல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு, நாலு பேரு முன்னாடி அது நடக்கவே இல்லன்னு சிரிச்ச பாரு... செம்மல்கிட்ட மட்டும் அழுதுக்கிட்டே சொல்லி இருக்க. உன் தம்பி மவனுக்கு நெசம், எனக்கு புளுகன் பட்டம். அவன் அதக் கொண்டுபோய் சனி கிரகத்துல வெச்சான். நாப்பது நாடு நம்புது. நீ நம்ப மாட்டேங்கற.

...செல்விகிட்ட சொல்ல மாட்டேன். பயப்படாத. மொதத் தோளு நீதான், அது அப்பிடியே இருக்கட்டும், சென்ட் வரட்டும். ஆனா பாத்தேன்னு எங்கிட்ட இன்னிக்கி சொல்லிடு.

...எங்க, மறுபடி பாகூரா? சரி. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன், அதுக்கு பதில் சொல்லிட்டு பாகூர்லயே இரு. டிவில கெழவன் துண்டால தொடைக்கிறான். அன்னிக்கி நான் எதால தொடச்சேன்?

...டிவில வந்தது எனக்கும் தெரியும், அதத்தானே நான் உனக்குச் சொன்னேன். நீ பாத்தத சொல்லு.

...

...இருக்கியா?

...மூச்சு கேக்குது. இருக்க. எனக்கொண்ணும் அவசரம் இல்ல, பெஞ்சன்காரன்.

...

...என்னா?... சத்தமா சொல்லுய்யா, காது மந்தம்...

...ம்.

ஆமாய்யா. சுலோசனா முந்தானையாலதான்... அழுவாத. போன வை.