முகத்துவாரத்தில் ஓர் இடம்

மலிவான இடம் கேட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இரக்கம்தான் வரும். ஜூன் பிறந்து புயல் காலம் தொடங்கினால் போதும், எங்கள் காரியாகூ தீவில் படகு வைத்திருக்கிறவனுக்குத் தூக்கம் போய்விடும். படகைக் கரையேற்றி, தரையோடு பட்டை போட்டுக் கட்டி வைக்கிற யார்டுகள் கேட்கிற வாடகைக்கு இன்னொரு படகே கட்டிவிடலாம். அதனால் சுற்றிச் சுற்றி எல்லாரும் கடைசியில் கண்டல் காட்டுக்குள் இருக்கிற எங்கள் உப்பங்கழிக்குத்தான் வருவார்கள். அங்கே யார் எங்கே கட்டுவது என்று இடம் காட்டுகிறவன் நான். ஓஸ்வின் ஓரவஞ்சனை செய்தான் என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை, சார்ஜென்ட். நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

லின்டனும் அப்படி இடம் கேட்டு வந்தவன்தான். என் அப்பாவுக்குப் பிறந்தவன், என் அம்மாவுக்குப் பிறக்காதவன். எங்கள் தீவில் இது வீட்டுக்கு வீடு உள்ளதுதான், நான் பெரிதுபடுத்தியதில்லை. அப்பா தன் கையால் கடைசியாகக் கட்டின படகை அவனுக்குக் கொடுத்தார். அதற்கு அவன் அம்மாவின் பெயரையே வைத்தார்: 'மிஸ் ஐவி'. படகை இறக்குகிற அன்று ஆடு வெட்டி, ரம் தெளித்து, ஊரே வடம் பிடித்து இழுத்தது. என் அம்மா அத்தனை பேருக்கும் சோளக்களி கிண்டிப் போட்டாள். நானும் வடம் பிடித்தேன். பிடிக்காமல் இருந்திருந்தால் பொறாமைக்காரன் என்று வாய் கூசாமல் சொல்லியிருப்பார்கள்.

போன வருஷம் பெரிய புயல் வருகிறது என்று ரேடியோ கத்தத் தொடங்கியதும் லின்டன் தன் மனைவி வெர்லினோடு வந்தான்.

"என்ன கேப்டன், இந்த ஏழைக்கு ஒரு மூலை கெடைக்குமா?" என்றான். என்னை எப்போதும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவான். கிண்டல்தான்.

"மூலையெல்லாம் வெள்ளைக்காரங்க புடிச்சுட்டாங்கப்பா. முகத்துவாரத்துல ஒரு எடம் இருக்கு. காசு வேணாம்."

வெர்லினுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். "முகத்துவாரத்துலயா? வர்ற அலையெல்லாம் எங்க நெஞ்சுல அடிக்கும். உங்க படகு மட்டும் எங்க முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குமாக்கும்?"

"ஏய், சும்மா இருடி," என்று சிரித்தான் லின்டன். "இவரு படகை முன்னால கட்டினா, இவரு தும்மினாலே பலகை கழண்டுடும். அப்பா கட்டினது எங்கயும் நிக்கும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். உறுதியானதுதானே முன்னால நிக்கணும்?" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. முன்னால் உறுதியான படகு ஒன்று நின்றால் பின்னால் உள்ள படகுகளுக்கு அது சுவர் மாதிரி. உள்ளே, வேர்களுக்கு நடுவில், ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. யாருக்காவது தேவைப்படும் என்று விட்டு வைத்திருந்தேன். கடைசிவரை யாருக்கும் தேவைப்படவில்லை.

எங்கள் கழியில் ஒரு வழக்கம் உண்டு. முன்படகின் பின்கயிறுகளைப் பின்படகின் முன்முனையில், அணியக் கட்டையில்தான் கட்டுவோம். பக்கத்திலேயே ஓர் அரிவாள் இருக்கும். முன்படகு நங்கூரத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடினால் மற்றதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும், அப்போது வெட்டிவிட வேண்டும். ஆனால் வெட்டுவதற்கு முன் சங்கு ஊத வேண்டும். அந்தப் படகில் உள்ளவன் நம் படகுக்குத் தாவி வந்த பிறகுதான் அரிவாளைத் தொடலாம். இதைச் சின்ன வயதில் எனக்கும் லின்டனுக்கும் ஒரே நாளில் அப்பாதான் சொல்லிக்கொடுத்தார்.

வெள்ளைக்காரர்கள் படகைக் கட்டிவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். நாங்கள் அப்படிப் போக முடியுமா? லின்டன் வெர்லினை மேட்டிலுள்ள தேவாலயத்துக்கு அனுப்பிவிட்டு மிஸ் ஐவியில் தங்கினான். நான் அதற்குப் பின்னால் என் படகில் இருந்தேன்.

மதியத்துக்கு மேல் காற்று வந்தது. அதை விவரித்து உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை, நீங்களும் அன்றைக்கு இந்தத் தீவில்தான் இருந்தீர்கள். மிஸ் ஐவி நின்றது. ஒவ்வொரு அலைக்கும் எழுந்தது, உட்கார்ந்தது, ஒரு சாண் நகரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் படகைத்தான், அவன் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக நின்ற என் படகைத்தான், கரையிலிருந்து பெயர்ந்து வந்த ஒரு மரம் இடித்து ஓட்டை போட்டது. தண்ணீர் கடகடவென்று ஏறியது.

லின்டன் அதைப் பார்த்துவிட்டான். பின்கயிறுகளைக் கைக்குக் கை மாற்றி இழுத்து, தன் படகின் பின்புறத்தை என் அணியத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். அந்தக் காற்றில் ஒற்றை ஆளாக அதை எப்படிச் செய்தான் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினான்.

"அண்ணே! கையைக் குடு! தாவு! நான் புடிச்சுக்கறேன்!"

அண்ணே என்றான். பிறந்ததிலிருந்து ஒருநாளும் கூப்பிடாதவன், அவன் அம்மா பெயரைத் தாங்கிய படகில் நின்றுகொண்டு, நான் முழுகப் போகிற நேரம் பார்த்து.

என் நிலைமையில் உங்களை வைத்துப் பாருங்கள். நான் தாவியிருந்தால் மிச்ச ஆயுள் முழுக்க ரம் கடையில் என்ன பேசியிருப்பார்கள்? 'ஓஸ்வினைக் காப்பாத்தினது யாரு தெரியுமா?' என்று. என் அம்மா காதில் விழுகிற மாதிரி பேசுவார்கள்.

நான் கை கொடுக்கவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். கொடுத்தேன், இடது கையை. அவன் இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வலது கையால் நான் கயிறுகளை வெட்டினேன். அரிவாளை நன்றாகத் தீட்டி வைத்திருந்தேன், கயிற்றுக்கு ஒரு வெட்டுதான். மிஸ் ஐவி துள்ளித் திரும்பியதில் அவன் கால் நழுவித் தண்ணீருக்கு மேல் தொங்கினான். அப்போதும் என் கையை விடவில்லை. அவன் விரல்களை நான்தான் பிரிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பின்கயிறு இல்லாத படகு முகத்துவாரத்துப் பாறையில் மோதி உடைகிற சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

என் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீர்தான். கூரைமேல் ஏறி நின்றுகொண்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பக்கத்துப் படகுக்காரர்கள் அவன் எனக்குக் கை நீட்டியதை மட்டும்தான் பார்த்திருந்தார்கள், கயிறு காற்றில் அறுந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, நீங்களும் சந்தேகப்படவில்லை. பிறகு எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறான் என்றுதானே பார்க்கிறீர்கள்? அடுத்த மாதம் லின்டனுக்குக் கல் நடுகிறார்கள். ஊருக்கே சாப்பாடு, மேளம், எல்லாம் உண்டு. நேற்று வெர்லின் என் வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவரு உங்களுக்காகத்தான போனாரு, மச்சான். நீங்களாச்சும் நல்லா இருங்க," என்றாள். கல்லில் என்ன எழுதப்போகிறார்கள் என்றும் சொன்னாள்: 'அண்ணனைக் காப்பாற்றி உயிர்விட்டவன்.' என் அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் தலையாட்டினாள், சார்ஜென்ட். பெற்றவளே தலையாட்டினாள்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊர் ஒரு பொய்யைக் கல்லில் வெட்டி வைத்துக் கும்பிடக் கூடாது. எனக்கு என்ன தண்டனை என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் கொத்தனார் உளியை எடுப்பதற்குள் ஆள் அனுப்பிவிடுங்கள். அவன் என்னைக் காப்பாற்றவில்லை. நான் பிழைத்தது என் சொந்த முயற்சியில்.