வயிற்றுப்புண் என்றே வைத்துக்கொள்வோம்

ஷாவ்: இன்னும் சொல்லலையா? ஏம்மா பெய்லான்... கேக்கு வந்து இறங்கிடுச்சு!

பெய்லான்: மெதுவாப் பேசுங்க அக்கா. மனுஷன் வந்துடப் போறாரு.

ஷாவ்: எங்க விட்டுட்டு வந்தே?

பெய்லான்: பூங்கா வாசல்ல. சோயாப்பால் வாங்க வரிசையில நிக்க வெச்சுட்டு ஓடி வந்தேன்.

ஷாவ்: நேத்தே சொல்லிடுறேன்னு சொன்னியே.

பெய்லான்: சொல்லத்தான் வாயைத் திறந்தேன்...

ஷாவ்: ம், திறந்தே?

பெய்லான்: "நாளைக்குப் புதுச் சட்டை போட்டுக்கோ"ன்னு வந்துச்சு.

ஷாவ்: நல்லா வந்துச்சு! சரி, டாக்டர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு. காது குளிரட்டும்.

பெய்லான்: எல்லாம் சுத்தம்னார் அக்கா. வயிறு, ஈரல், ரத்தம்... எல்லாமே. அஞ்சு வருஷம் தாண்டிட்டார், இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை காட்டினாப் போதும்னார். நான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அவர்தான் மெல்ல உருவிக்கிட்டார்.

ஷாவ்: அப்ப உன் வீட்டுக்காரருக்கு இன்னிக்கு அஞ்சு வயசு. நம்ம கூட்டத்துல எல்லாருக்கும் நோய் தெரிஞ்ச நாள்தான் பொறந்தநாள். எனக்கு ஒம்போது வயசாச்சு. அஞ்சு முடிச்சவங்களுக்குக் கேக் வெட்டாம விட்டதே கிடையாது. தன் வயசு தனக்கே தெரியாத ஒரே ஆளு இவருதான்.

பெய்லான்: அறுபத்திமூணுன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு.

ஷாவ்: உனக்காக நாங்க பட்ட பாடு கொஞ்சமா? இந்த மரத்தடியில யாரும் புத்துநோய்னு சொல்லக்கூடாது. வயசு பேசக்கூடாது. கேட்டா எல்லாருக்கும் வயித்துப்புண்ணு. எனக்கு வந்தது மார்புல. நானும் வயித்துப்புண்ணு!

பெய்லான்: அந்தப் புண்ணியம் உங்களுக்கு...

ஷாவ்: புண்ணியமாவது! ஒவ்வொருத்தர் பொறந்தநாளுக்கும் கழிப்பறைக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு கேக் தின்னிருக்கோம். மூச்சுப்பயிற்சி பண்ணி நல்ல காத்து இழுக்கலாம்னு வந்தவங்க நாங்க.

பெய்லான்: பயமா இருக்கு அக்கா. என் வீட்டுக்காரரோட அண்ணன் கதை உங்களுக்குத் தெரியும்ல? அம்மா செத்ததை உடனே சொல்லாம, தம்பி வேலையில இருக்கான், கலங்கிடுவான்னு, எல்லாம் முடிஞ்ச பிறகுதான் சொன்னார். அன்னிக்கு விட்டது பேச்சு. புத்தாண்டு வசந்த விழாவுக்குக்கூட அந்த வாசலை மிதிக்கிறதில்ல. ஒரே அண்ணன்! நான் மறைச்சது அந்த மனுஷனோட சொந்த வயித்தை. என்னை மட்டும் விடுவாரா?

ஷாவ்: கோவிச்சுக்க மாட்டார்.

பெய்லான்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஷாவ்: தெரியும்... போ, போ. அந்தா வர்றார்.

லியாவ்: ஏ கிழவி! என்னைப் பாலுக்கு நிக்க வெச்சுட்டு இங்க என்ன ரகசியம்? ஷாவ் அக்கா, இந்தாங்க, சூடா குடிங்க. உங்க வயித்துப்புண்ணுக்கு நல்லது.

ஷாவ்: ம்... குடு தம்பி. இன்னிக்கு எரிச்சல்கூடக் கொஞ்சம் கம்மிதான்.

லியாவ்: மத்தவங்க எங்க? அந்தப் புதருக்குப் பின்னாடி நிறைய தலை தெரியுது?

பெய்லான்: அது... கையைக் காலை உதறிக்கிட்டிருக்காங்க.

லியாவ்: குனிஞ்சுகிட்டா?

ஷாவ்: வெயில் தம்பி, வெயில்.

லியாவ்: சூரியனே இன்னும் எழுந்திரிக்கலையே அக்கா!

ஷாவ்: நீங்க ரெண்டு பேரும் ஏரிப்பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. பேசிக்கிட்டே நடங்க.

லியாவ்: இந்தச் சிகோங் மூச்சுப்பயிற்சி நடைக்குப் பேச்சே கூடாதுன்னு என் தலையில குட்டினதே நீங்கதானே?

ஷாவ்: இன்னிக்கு மட்டும் பேசலாம். பெய்லான், கூட்டிட்டுப் போ. க்ரீம்... காலம் போகுது!

லியாவ்: என்ன ஆச்சு இந்த அக்காவுக்கு? சரி வா. ஸ்ஸ்... ஸ்ஸ்... ஹூ. ஸ்ஸ்... ஸ்ஸ்... ஹூ. குதிகாலை முதல்ல வை. கையைத் தொப்புளைத் தாண்டி வீசாதே. மூச்சு எங்க கிழவி? ரெண்டு இழு, ஒண்ணு விடு.

பெய்லான்: எனக்கென்ன நோயா? துணைக்கு நடக்கிறேன்.

லியாவ்: துணைக்கு நடந்தாலும் ஒழுங்கா நட. வாத்து மாதிரி இருக்கு.

பெய்லான்: உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

லியாவ்: சொல்லு.

பெய்லான்: ...அந்தச் சட்டை உனக்கு எடுப்பா இருக்கு.

லியாவ்: போடும்போதே சொல்லிட்டே.

பெய்லான்: பாலைக் குடி.

லியாவ்: குடிச்சாச்சு.

பெய்லான்: அப்ப உக்காரு.

லியாவ்: நடக்கத்தானே சொன்னாங்க...

பெய்லான்: உக்காருய்யா!

லியாவ்: உக்காந்துட்டேன், உக்காந்துட்டேன். பாவம் அந்தப் பெஞ்சு, அதுவே பயந்துபோச்சு.

பெய்லான்: கையைக் குடு. இழுத்துக்கக் கூடாது. நான் முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசக் கூடாது.

லியாவ்: சரி.

பெய்லான்: பேசாதேன்னேன்ல! ... அஞ்சு வருஷம் முந்தி உன் வயித்தை வெட்டினாங்கல்ல... அது... புண்ணு இல்ல. புத்துநோய். வயித்துல பாதிக்கு மேல எடுத்துட்டாங்க. டாக்டர் என்னையும் பையனையும் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். உங்கிட்ட எப்படிச் சொல்றது? நோயாளிகிட்ட யாரு சொல்றா? நம்ம தெருவுல யாராவது சொல்லியிருக்காங்களா? நீ ஒடைஞ்சுபோயிடுவேன்னு... சொல்லிடலாம் சொல்லிடலாம்னு... நேத்து ரிப்போர்ட் வந்துடுச்சு. சுத்தம். முழுக்க சுத்தம்! அதான் இப்போ... என்னய்யா பாக்குறே? திட்டு. கையை வேணா உதறிக்கோ. ஏதாவது பேசேன்!

லியாவ்: பேசலாமா?

பெய்லான்: பேசு!

லியாவ்: தெரியும்.

பெய்லான்: எது தெரியும்? சுத்தம்னா?

லியாவ்: அது இப்பத்தான் தெரியும். இரு... முழுக்க சுத்தமா? நிஜமாவா?

பெய்லான்: நிஜமாத்தான். எம் மேல ஆணையா.

லியாவ்: ...நல்லது. நல்லது. ஒரு நிமிஷம் இரு, மூச்சு விட்டுக்கிறேன்.

பெய்லான்: அப்ப எது தெரியும்னே?

லியாவ்: புத்துநோய்னு தெரியும்.

பெய்லான்: எப்போலேர்ந்து?

லியாவ்: "பூங்காவுல புண்ணுக்கு நல்ல சிகோங் சொல்லித் தர்றாங்களாம், போய் விசாரிக்கிறேன்"னு நீ சொன்ன நாள்லேர்ந்து.

பெய்லான்: பொய்! ஒரு காகிதம் உன் கண்ணுல பட விட்டேனா? மருந்து பாட்டில்ல ஒட்டியிருந்த பேரைக்கூட வெந்நீர்ல ஊற வெச்சு உரிச்சேனே!

லியாவ்: அதெல்லாம் ரொம்ப நேர்த்தியாத்தான் செஞ்சே. நான் என்ன வேலை பாத்தேன்?

பெய்லான்: பஸ் ஓட்டினே.

லியாவ்: எந்தப் பக்கம்?

பெய்லான்: இந்தப் பக்கந்தான்... ஐயோ.

லியாவ்: விடியற முதல் பஸ் என்னுது. இந்தப் பூங்கா வாசல்ல நிக்கும். உள்ள யார் யார் என்ன பண்றாங்கன்னு எனக்கு மனப்பாடம். மண்டபத்துக்கிட்ட ரெண்டு கையால வானத்தைத் தாங்குறாங்களே, அவங்க முதுகுவலிக்காரங்க. மரத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி அசையாம நிக்கிறவங்களுக்கு ரத்த அழுத்தம். வயித்துப்புண்ணுக்காரங்க அந்தப் பாலத்துக்கிட்ட நின்னு வயித்தைத் தடவுவாங்க. அதோ, இப்பவும் தடவுறாங்க பாரு.

பெய்லான்: அவங்களா? நான் ஏதோ பசிக்குதுன்னு நினைச்சேன்...

லியாவ்: ஸ்ஸ் ஸ்ஸ் ஹூன்னு நடக்கிறவங்க பஸ் ஏறினா, கண்டக்டர் பொண்ணு எழுந்து தன் இடத்தையே குடுத்துடும். நம்ம ஹான்கோவ் ஊர்ல பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இது புத்துநோய்க்காரங்க நடைன்னு தெரியும். பாட்டில்ல இருந்த பேரை எல்லாம் உரிச்சுட்டு, என்னைக் கொண்டாந்து நேரா அந்த வரிசையிலயே நிக்க வெச்சே!

பெய்லான்: இந்த நடை நல்லதுன்னு சொன்னாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

லியாவ்: முடி வேற கொட்டுச்சு. புண்ணுக்கு யாருக்காவது முடி கொட்டுமா?

பெய்லான்: அதுக்கு நீதானே "ஆஸ்பத்திரி சோப்பு சரியில்ல"ன்னே?

லியாவ்: நீ பதில் தெரியாம முழிச்சே. பாக்கப் பாவமா இருந்துச்சு. நானே ஒண்ணு எடுத்துக் குடுத்தேன்.

பெய்லான்: மனுஷனாய்யா நீ! தெரியும்னு ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

லியாவ்: சொல்லத்தான் இருந்தேன். ஆனா நீ வீட்டுல என்னைத் திட்டிக்கிட்டே இருந்தே. ஈரச் செருப்போட உள்ள வராதே, மிளகாயைத் தொடாதே, சோத்தைச் சிந்தாதேன்னு. சாகப்போறவனை யாரும் செருப்புக்குத் திட்ட மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னா நீ திட்டுறதை நிறுத்திடுவே. அதை நினைச்சாத்தான் பயமா இருந்துச்சு.

பெய்லான்: ...இனிமேலும் திட்டுவேன்.

லியாவ்: திட்டு. ஏ, அழாதே... சிரிக்கிறியா அழுறியா? ரெண்டையும் சேத்துப் பண்ணாதே, மூச்சு தப்பிடும்.

பெய்லான்: கோவம் இல்லையே? உங்க அண்ணன்கிட்ட நீ...

லியாவ்: அண்ணன் மறைச்சான், அம்மாவைக் கடைசியா ஒரு தடவை பாக்க முடியாமப் போச்சு. நீ யாரை மறைச்சே? என்னை எங்கிட்டயே மறைச்சே. எனக்குத்தான் தெரியுமே.

ஷாவ்: ஆச்சா? எவ்வளவு நேரம்! க்ரீம் வழியுது அங்க!

பெய்லான்: அக்கா! இவருக்கு எல்லாம் தெரியுமாம்! முதல்லேர்ந்தே தெரியுமாம்!

ஷாவ்: ...ம்.

பெய்லான்: என்ன 'ம்'?

ஷாவ்: நீ எங்கிட்ட வந்து அழுதியே, அதுக்கு முந்தின நாள் சாயங்காலமே இவர் வந்துட்டுப் போயிட்டார். "நாளைக்கு என் வீட்டுக்காரி வருவா. எல்லாரும் புண்ணுன்னு சொல்லணும்னு கெஞ்சுவா. சரின்னு தலையாட்டிடுங்க அக்கா"ன்னு.

பெய்லான்: அப்ப... கழிப்பறைக்குப் பின்னாடி ஒளிஞ்சு தின்ன கேக்கெல்லாம்?

ஷாவ்: அவருக்கும் ஒரு துண்டு எடுத்து வெச்சிடுவோம். நீ வெந்நீர் பிடிக்கப் போற நேரத்துல வந்து தின்னுட்டுப் போயிடுவார்.

பெய்லான்: இனிப்பு ஆகாதுன்னு எங்கிட்ட மூஞ்சியைச் சுளிச்சது யாரு?

லியாவ்: நீ செய்ற இனிப்பு ஆகாது.

ஷாவ்: அவகிட்ட ஒரு வேஷம், இவர்கிட்ட ஒரு வேஷம். நோயைவிட உங்க ரெண்டு பேராலதான் எனக்கு மூச்சு முட்டிச்சு. அப்பாடா! இன்னியோட விட்டுது. சீக்கிரம் வாங்க, எல்லாரும் கத்தியை வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நான் முன்னாடி போறேன்.

லியாவ்: எழுந்திரு கிழவி. எனக்கு அஞ்சு வயசு. குழந்தையைக் காக்க வைக்கக் கூடாது.

பெய்லான்: இரு. இன்னும் ஒண்ணு இருக்கு.

லியாவ்: இன்னுமா?

பெய்லான்: நம்ம கூட்டத்துல இருந்த வாத்தியார் ஷென்ஜென்ல மகன் வீட்டோட போயிட்டார்னு சொன்னேன்ல...

லியாவ்: இந்தக் கூட்டத்துல செத்தவங்களையெல்லாம் நீ ஷென்ஜென்னுக்குத்தானே அனுப்பினே? அவங்களை வெச்சு அங்க ஒரு தெருவே குடியேத்தலாம்.

பெய்லான்: சிரிக்காதேய்யா. உன் இடுப்பைப் பிடிச்சு முதல் அடி எடுத்து வைக்கச் சொல்லிக் குடுத்தவர். நீ நிக்க முடியாதப்ப தன் முதுகைக் குடுத்தவர். அவரைக் கடைசியா வழியனுப்ப உன்னை விடலையே நான். உங்க அண்ணன் செஞ்ச அதே வேலைதானே அது? நேத்துலேர்ந்து என் தொண்டையில நின்னது இதுதான். மத்ததுகூட இல்ல.

லியாவ்: வழியனுப்பினேன்.

பெய்லான்: எங்க? அன்னிக்கு நீ சதுரங்கம் ஆடப் போறேன்னு கிளம்பிட்டே. நீ போன தெம்புலதான் நானும் சந்தைக்குப் போறேன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டு அவர் சாவுக்குப் போனேன்.

லியாவ்: வாசல்ல ஒரு பெரிய காகிதப்பூ வளையம் நிறுத்தி வெச்சிருந்தாங்களே, அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கொண்டாந்தது...

பெய்லான்: ஆள் உயரம் இருந்துச்சு.

லியாவ்: அதுக்குப் பின்னாடிதான் நின்னேன். கும்பிட்டுட்டுக் கிளம்பலாம்னு பாத்தா நீ வந்து நேரா அதுக்கு முன்னாடி நின்னுட்டே. நகரவே இல்ல. வீட்டுல அடக்கி வெச்சதையெல்லாம் அங்க கொட்டி அழுதே. அது அவருக்கு மட்டும் அழுத அழுகை இல்லன்னு தெரிஞ்சுது. வெளிய வரலாம்னு ரெண்டு தடவை காலை எடுத்தேன்... வந்தா நீ அத்தனை நாள் பட்ட பாடு பாழாயிடும். நீ அழுது முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்னேன். அப்புறம் சாயங்காலம் கீரைக்கட்டோட வந்தே. கண்ணு வீங்கியிருந்துச்சு. "ஆட்டத்துல ஜெயிச்சியா?"ன்னு கேட்டே. ஜெயிச்சேன்னு சொன்னேன்.